ஆறாவது குழியில் உப்பு

பனிமூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவரைப் போல லோரெட்டா பெல்கி ஹைரமின் வீட்டு வாசலில் நின்றார். ஃபெர்ன் கோவ் நகர அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக எழுத்தர். காவல் துறைக்கு வாங்கிய ஆறு கைரேடியோக்களை எண்ணிக் கையெழுத்திட்டவர் அவர்தான். இப்போது எண்ணினால் ஐந்து. அன்று மாலை நகர மன்றம் கூடி அவரை வேலையிலிருந்து நீக்கப்போகிறது.

"ஆறையும் சீஃப் மேசையில நான்தான் வெச்சேன், ஹைரம். ஒரு பென்சில்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல."

ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரியான ஹைரம் கோடார்ட் நிதானமாகக் கோட்டை மாட்டினார். பக்கத்து பேக்கரிக்காரி நோரீன், அழைக்காமலே உடன் கிளம்பினார்.

வழியில் ஹைரம் ஒன்றே ஒன்று கேட்டார்: மார்ச் ஊர்க்கூட்டத்தில் வேறு யாராவது ரேடியோ கேட்டிருந்தார்களா? துறைமுகக் காவலர் ஆல்டன் கேட்டிருந்தார் என்றார் லோரெட்டா. அந்தச் செலவு ஓட்டுக்கு வந்தபோது மதியமாகிவிட்டது. கீழே சமையலறையிலிருந்து பீன்ஸ் வாசனை. சீக்கிரம் சாப்பிடப் போகவேண்டுமென்று எல்லோரும் வேண்டாமெனக் கை தூக்கிவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் அதன் தலைவரான சீஃப் மெரில், தேடியாகிவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்நேரம் ஏதாவது அடகுக் கடையில தூங்கிட்டிருக்கும்," என்றார் நோரீன்.

ஹைரம், ரேடியோக்களைச் செருகிவைக்கும் சார்ஜ் பலகையின் ஆறாவது குழியில் விரலைத் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

மாலையில் மன்றத்தின் ஜன்னல்களெல்லாம் வெள்ளையாக இருந்தன. ஊரே ஒரு மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. ஹைரம் எழுந்தார்.

"இந்த ரேடியோ பத்து மணி நேரம்தான் தாங்கும். அந்தப் பலகையில மட்டும்தான் சார்ஜ் ஏறும். திருடன் கொண்டுபோயிருந்தா மறுநாளே அது வெறும் செங்கல். ஆறாவது குழியிலயும் தூசி படிஞ்சிருக்கும். ஆனா அங்க தூசி இல்ல, உப்பு இருக்கு. கடல்லருந்து ஒருத்தர் தினமும் ராத்திரி அதைக் கொண்டுவந்து வெக்கிறார்."

சீஃபின் இடுப்பிலிருந்த ரேடியோவைக் கேட்டு வாங்கிப் பொத்தானை அழுத்தினார். "ஆல்டன், எங்க இருக்கீங்க?"

சற்று இரைச்சல். பிறகு எங்கோ வெண்மைக்குள்ளிருந்து ஒரு குரல் மிதந்து வந்தது. "வெளி மிதவைகிட்ட. ரெண்டு சிங்கி இறால் படகு வழி தெரியாம நிக்குது, கூட்டிட்டு வரேன். ஏன், சீஃப் இல்லையா?"

மெரில் மெல்ல எழுந்தார்.

"நான்தான் குடுத்தேன். உங்க ஓட்டுக்கு எதிரா, காவல் துறைப் பொருளை. அதுக்கு வருத்தப்படல. லோரெட்டா தலையில விழுறதைப் பாத்துட்டும் வாய மூடிட்டிருந்தேன் பாருங்க, அதுக்குத்தான் வெக்கமா இருக்கு."

மன்றத் தலைவர் நீக்கக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரேடியோவை இப்போதே திரும்ப வாங்கவேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

ஒரு கையும் எழவில்லை. தொலைவில் படகுச் சங்கு ஒன்று ஊதியது, பின்னாலேயே இன்னொன்று.

லோரெட்டா பதிவேட்டைத் திறந்து, ஆறாவது எண்ணுக்கு நேரே எழுதினார்: கடலில் உள்ளது.