பூஜைக்கு வைத்த பெட்டி

காலை 8.20. கரையான்சாவடி பூங்காவனம் தியேட்டரின் ஆபரேட்டர் அறை. படத்தைச் சர்வரில் ஏற்ற உட்கார்ந்த அருள்தாஸ், திரையில் வந்த ஒற்றை வரியைப் பார்த்து உறைந்துபோனார். டிஸ்க் காலி. கழற்றி மாட்டினார். மறுபடியும் காலி. வெளியே ஒன்பது மணிக் காட்சிக்கு வந்த ரசிகர்கள் மேளம் அடித்துத் தூள் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

8.45. ஓனர் ஜானகிராமன் அருள்தாஸின் கையிலிருந்து அறைச் சாவியைப் பிடுங்கினார். நேராகக் கவுன்ட்டருக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"படத்தை எங்க ஆபரேட்டரே திருடி வித்துட்டான். போலீசு வந்துகினு கீது. எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

வாசல் முழுக்கக் கேட்டது. மேளம் நின்றது.

9.10. பூந்தமல்லி எஸ்.ஐ. ஹேமாவதி ஜீப்பிலிருந்து இறங்கினார். வாங்கிய பொங்கல் பொட்டலம் பிரிக்காமல் சீட்டிலேயே கிடந்தது. காலை வேளையில் சினிமாத் தியேட்டர் பஞ்சாயத்தா என்ற எரிச்சல் அவருக்கு இருந்தது. அருள்தாஸின் முகத்தைப் பார்த்ததும் அது கொஞ்சம் அடங்கியது.

"நான் எடுக்கல மேடம். திருட்டுப் பட்டம் வந்துட்டா இனிமே எந்தத் தியேட்டர்லயும் என்னை உள்ளயே விடமாட்டாங்க."

"அழாதீங்க. கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. டிஸ்க் எங்க?"

அந்தக் காலத்தில் படச்சுருள் தகரப் பெட்டியில் வரும். இப்போது வருவது ஒரு கையில் பிடிக்கக்கூடிய டிஸ்க். இருந்தாலும் தியேட்டர்காரர்கள் வாயில் அது இன்னும் 'பெட்டி'தான். பெரிய தியேட்டர்களுக்கு உறுதியான உலோக உறையில் போகும். ஜானகிராமன் சிக்கனம் பார்க்கிறவர். அவருக்கு மலிவான பிளாஸ்டிக் உறையில்தான் வரும், கூட ஒரு யூ.எஸ்.பி. ஒயர். அருள்தாஸ் காட்டிய டிஸ்க்கின் மேல்மூடியில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. கரண்ட் துளை வரைக்கும் சந்தனம் வழிந்திருந்தது.

"இதைக் கம்ப்யூட்டர்ல அப்படியே மாட்டலாமா?"

"சுத்தாது மேடம். பெரிய டிஸ்க். தனியா பன்னெண்டு வோல்ட் குடுக்கணும். அதுக்கு அடாப்டர் வேணும்."

"அது யார்கிட்ட?"

"என் ரூம்ல. ஓனர் புடுங்குற வரைக்கும் சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

"நீங்களே உங்களை மாட்டி விட்டுக்கிறீங்களே அருள்தாஸ்!"

"உள்ளதைத்தானே மேடம் சொல்ல முடியும்."

ஹேமாவதி அந்த அடாப்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புக் கட்டை, நீள ஒயர், நுனியில் உருண்டைப் பின். பிறகு படத்தை அனுப்பிய வடபழனி லேபுக்குப் போன் போட்டார். ரெனிதா என்ற பெண் எடுத்தாள்.

"நானே செக் பண்ணி அனுப்பினேன் மேடம். யாராச்சும் அதைச் சாதா கம்ப்யூட்டர்ல மாட்டினாங்களா? எங்க டிஸ்க் எழுதுற முறையே வேற. சாதா கம்ப்யூட்டருக்கு அது புரியாது. 'ஃபார்மேட் பண்ணவா?'ன்னு கேக்கும். ஆமான்னு தட்டினா அவ்ளோதான், எல்லாம் போச்சு."

"திருடினா படம் ஓடுமா?"

"நாங்க தனியா அனுப்புற பாஸ்வேர்டு மாதிரியான கீ இல்லாம ஒரு ஃப்ரேம் கூட ஓடாது. ஆபரேட்டர்ங்க எல்லாருக்கும் இது தெரியும். வேற டிஸ்க் இப்பவே பைக்ல அனுப்புறேன்."

திருடினால் பயன் இல்லை என்று தெரிந்தவன் எதற்குத் திருடுகிறான்? கை வைத்தவன் விவரம் தெரியாதவன். ஆனால் அடாப்டர் இல்லாமல் எப்படி?

9.35. டிக்கெட் கவுன்ட்டர். ஷர்மிளா கண்ணாடிக்குப் பின்னால் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டியை யார் வாங்கினது?"

"நான்தான் மேடம். ஏழு மணிக்கு லேப்லேர்ந்து பெட்டி எடுத்துட்டு வர்ற ஜாபஸ் அண்ணன் கொண்டாந்து குடுத்தாரு. பெட்டி வந்தா முதல்ல பூஜை போடறது இங்க வழக்கம். ஆபீஸ் ரூம் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு, சந்தனம் குங்குமம் நான்தான் வெச்சேன். ஓனர் எட்டு மணிக்கு வந்து கற்பூரம் காட்டி, அருள் அண்ணன் கையில குடுத்தாரு."

"நடுவுல?"

"மேனேஜர் விக்ரம் சார் அந்த ரூம்ல இருந்தாரு. நான் இங்க. ஏழரை வாக்குல நெட் வேற போயிடுச்சு. க்யூல நின்னவங்க என் தலையைத் தின்னுட்டாங்க!"

"கரண்ட் போச்சா?"

"இல்ல மேடம். ஃபேன் ஓடிச்சு. நெட்டு மட்டும்தான் போச்சு. கொஞ்ச நேரத்துல தானா வந்துடுச்சு."

 ஹேமாவதி எல்லாரையும் ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார்.

விக்ரம் ஓனரின் அக்கா மகன். செல்லப் பிள்ளை என்பது அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

"ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்தீங்க தம்பி?"

"இதோ, இந்த கம்ப்யூட்டர்ல ஆன்லைன் புக்கிங் பார்த்துகினு இருந்தேன். சீட்டை வுட்டு எந்திரிக்கவே இல்ல மேடம்."

"பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"ஈ, காக்கா கூட உள்ள வரல."

"நெட் எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சு மேடம். புக்கிங் பிச்சுகினு போச்சு."

ஷர்மிளா வாயைத் திறந்தாள். ஹேமாவதி கையமர்த்திவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் பச்சை விளக்குகள் மினுக்கிய வைஃபை பெட்டியை எடுத்தார். அதன் அடாப்டர் பின்னை உருவினார். விளக்குகள் அணைந்தன.

"இன்னா மேடம் பண்றீங்கோ?" என்று ஜானகிராமன் பதறினார்.

"அடாப்டர்ல இன்னா போட்டிருக்குன்னு படிங்க சார்."

"பன்னெண்டு வோல்ட்டு."

"இப்ப நுனியைப் பாருங்க."

பின் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஜானகிராமன் முகர்ந்து பார்த்தார். சந்தனம்.

"ஆயுத பூஜைக்கு வெச்சதா இருக்கும்."

"உள்ள சொருகி இருக்குற நுனிக்கு எந்த ஊர்ல சார் பொட்டு வெப்பாங்க? தொட்டுப் பாருங்க, இன்னும் ஈரம் காயல. காலையில ஷர்மிளா வெச்ச சந்தனம், டிஸ்க் துளையிலேர்ந்து இதுல ஒட்டிக்கினு வந்திருக்கு. அடாப்டர் மேல ரூம்ல பூட்டிக் கிடக்குன்னு எல்லாரும் அருள்தாசையே பார்த்தீங்க. அதே மாதிரி அடாப்டர் இங்க கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. நெட் போனதும் அதனாலதான். நெட்டே இல்லாத நேரத்துல புக்கிங் பிச்சுகினு போச்சுன்னு சொன்னவர் ஒருத்தர்தான். டிஸ்க்கை அழிச்சது விக்ரம்."

விக்ரமின் முகம் பேயறைந்தாற்போல் ஆனது.

"ஹீரோ வர்ற சீனை மட்டும் எடுத்து ஸ்டேட்டஸ்ல போடலாம்னு நெனச்சேன் மாமா. ஏதோ கேட்டுச்சு, ஓகே தட்டிட்டேன். அழியும்னு சத்தியமா தெரியாது."

"அழிச்சது அறியாமைன்னு வெச்சுக்கலாம்," என்றார் ஹேமாவதி. இந்த இடத்தில்தான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "அந்த மனுசனைத் திருடன்னு மைக்ல சொல்றப்ப வாயை மூடிக்கினு உக்காந்திருந்தியே, அதுக்கு இன்னா பேரு?"



10.15. ரெனிதா அனுப்பிய புது டிஸ்க் வந்து சேர்ந்தது. ஜானகிராமன் சாவியை நீட்டினார்.

"போனது போவட்டும் அருளு. ஏத்துப்பா. கூட்டம் கத்திகினு கீது."

அருள்தாஸ் கையை நீட்டவில்லை.

"மைக்ல சொன்னீங்களே சார். அதை மைக்லயே மாத்திச் சொல்லுங்க."

ஜானகிராமன் ஹேமாவதியைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாக ஜீப்பிலிருந்த பொங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஜானகிராமன் கவுன்ட்டருக்கு நடந்தார். மைக் ஒருமுறை கீச்சிட்டது.

"எங்க ஆபரேட்டர் அருள்தாஸ் எதையும் திருடல. தப்பு பண்ணது எங்க ஊட்டுப் பையன். விசாரிக்காம பேசினது நானு. மன்னிச்சுக்கோ அருளு."

 மேளக்காரர்கள் மறுபடியும் அடிக்கத் தொடங்கினார்கள், இந்தத் தடவை அருள்தாஸ் பெயரைச் சொல்லி.

அருள்தாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார். சாமி படத்துக்கு முன்னால் புது டிஸ்க்கை வைக்க ஷர்மிளா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"இந்தத் தடவை பூஜை வேணாம்மா," என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்தபடி அவர் மாடிப்படி ஏறினார்.