விட்டுக்கொடுத்த முறை

சங்குமுனையில் பெட்டி பேசும்போது மனிதர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

அணுவுலைக்கு அருகில் வாழும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காவற்குரல் என்ற பேசும் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். உண்மையில் அந்த வீடுகளுக்கு அருகில் வந்து உட்கார்ந்தது உலைதான். ஆனால் அரசாங்கம் அதை எப்போதும் திருப்பித்தான் எழுதும். காற்று எந்தப் பக்கம் போகிறது, அதில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது, கழிமுகப் பாலத்தில் எத்தனை வண்டி நிற்கிறது என்பதெல்லாம் காவற்குரலுக்குத் தெரியும். யார் வெளியேற வேண்டும், யார் உள்ளே இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு தனியாகச் சொல்லும். பொய் சொல்லாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைச் சொல்லாது.

உலையில் நடந்த முதல் விபத்தன்று அது கடற்கரைத் தெரு டெல்பினிடம், வெளியே போகாதீர்கள் என்றது. சன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணிக்கச் சொன்னது. வெளியிலிருந்து வருபவர் உடுப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத் தலையோடு குளிக்க வேண்டும், அயோடின் மாத்திரையைப் பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்றது. டெல்பின் எல்லாவற்றையும் செய்தாள். பால் மணம் மாறாத மகள் ஏஞ்சலை மடியில் கிடத்திக்கொண்டு, வியர்வை வழிய, கண்ணாடி வழியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேட்டுக் குடியிருப்பிலிருந்து கார்கள் வரிசையாக இறங்கிப் பாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. உலை அதிகாரிகளின் கார்கள். ஒரு காரின் பின்சீட்டில் நாய்க்குட்டி ஒன்று சொகுசாகப் படுத்திருந்தது. கடற்கரைத் தெருவில் ஒரு மனிதன்கூட வாசல்படி தாண்டவில்லை.

அந்த நாய்க்குட்டியை அவளால் மறக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, கூடாது என்று மனம் சொல்லியும், பெட்டியிடம் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு எங்கள ஏன் உள்ளே இருக்கச் சொன்ன?"

"பாலம் சிறியது. மேட்டுக் குடியிருப்பு முதலில் போக வேண்டும் என்று எனக்குக் கட்டளை. அவர்களுக்குச் சாலை காலியாக இருக்க வேண்டியிருந்தது."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னது. டெல்பினுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அடுத்த கேள்வி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. நேரே சிலுவை பெரியப்பா வீட்டுக்குப் போனாள். மூன்று மீன்பிடி வள்ளத்துக்குச் சொந்தக்காரரான அவர் வாய் திறந்தால் தெருவே கேட்கும். அவர் தன் வீட்டுப் பெட்டியிடமும் அதையே கேட்டார். அதே பதில் வந்தது.

"நம்ம பிள்ளைங்க சாவட்டும், அவன் நாய் பிழைக்கட்டும்னு சொல்லுது பாத்தியாளா," என்றார்.

தெரு பாலத்தில் போய் உட்கார்ந்தது. முன்வரிசையில் டெல்பின். போலீஸ் இழுத்தது, அடித்தது. ஐஸ் கம்பெனி அவளை வேலைக்கு வர வேண்டாமென்றது. மறுபடியும் உட்கார்ந்தார்கள். வெளியேறுவதில் முதல் முறை எங்களுக்கு, முதல் பேருந்து எங்களுக்கு. வேறு கோரிக்கை இல்லை. மேட்டிலிருந்து அன்றைக்கு ஓடியவர்களில் பலரோ மாதக்கணக்கில் ஊர் திரும்பவில்லை. பட்டணத்தில் சொகுசாகக் கிடக்கிறார்கள் என்று தெருவே வைதது.

நான்காம் வருடம், மேட்டில் குடியிருந்த உலை ஆணையர் அந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போட்டார். இழுத்தடிப்பார், பேரம் பேசுவார் என்று டெல்பின் வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லை. கொளுத்தும் வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துண்டு போட்டிருந்த அந்த மனிதர், "நியாயமான கோரிக்கைதானம்மா," என்று கரகரத்த குரலில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை உறுத்தியது. ஜெயித்த பிறகும் குறை தேடுகிற புத்தி தனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சன்னல்களுக்கு அலுமினியச் சட்டம் மாட்டும் வேலை செய்யும் அவள் கணவன் ரெக்சனுக்கு அதன்பிறகு மேட்டில் ஓயாத வேலை. வீட்டுக்கு வீடு இரட்டைக் கண்ணாடி, தூசி வடிகட்டி, தானே மூடிக்கொள்ளும் சன்னல். "கொசுவுக்குப் பயந்து கோட்டை கட்டுறானுவ," என்று அவன் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

இரண்டாவது விபத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தெரு வீடு திரும்பிய நேரத்தில். ரெக்சன் அலுமினியச் சட்டம் வாங்க வெளியூர் போயிருந்தான்.

"டெல்பின், கடற்கரைத் தெருவுக்கு முதல் முறை. பேருந்து வந்துவிட்டது. உடனே வெளியேறுங்கள்."

தெரு கொண்டாட்டமாகவே கிளம்பியது. பெண்கள் மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். டெல்பினும் ஏஞ்சலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கொடிக்கயிற்றில் காய்ந்த சேலை உலைப்பக்கமிருந்து பாலத்தின் பக்கமாகப் படபடத்தது. அவள் மேட்டைப் பார்த்தாள். ஒரு கார்கூட அசையவில்லை. சன்னல்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தன.

திரும்பி உள்ளே ஓடினாள்.

"எங்கே இருந்தா எம்பிள்ளைக்குக் கதிர் கம்மி?"

"வீட்டுக்குள். கதிர்மேகம் கடந்துபோகும் வரை கதவை அடைத்து உள்ளே இருப்பதே பாதுகாப்பு. மேகம் இப்போது பாலத்தின் மேல் போகிறது."

"போன தடவை?"

"போன தடவையும் அப்படித்தான். பாலத்தில் நெரிசலில் நின்றவர்கள் உங்களைவிடப் பல மடங்கு கதிர் வாங்கினார்கள். பலருக்குக் கழுத்தில் தைராய்டு அறுவை செய்ய வேண்டியிருந்தது."

"பாவி, அப்ப எங்கள ஏன் போவச் சொல்லுத?"

"நீங்கள் கேட்ட முறை இது. மேட்டுக் குடியிருப்பினர் தங்கள் முறையை உங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்."

ஆணையரின் கழுத்துத் துண்டு இப்போது அவளுக்கு விளங்கியது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சிரித்தார். முதல் விபத்துக்குப் பிறகு பெட்டியிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஏஞ்சலைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். முதல் பேருந்து ஏற்கெனவே வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஞானப்பூ சித்தி இருந்தாள், அவள் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளிருந்து ஒரு பிள்ளை டாட்டா காட்டியது.

இரண்டாவது பேருந்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

படியில் நின்ற சிலுவை பெரியப்பாவின் முகம் கறுத்தது. "ஏளா, கிறுக்கு புடிச்சிட்டா? இந்த பஸ்சுக்குத்தான் நாலு வருசம் எங்கள ரோட்டுல உக்கார வச்ச. இப்ப மறிக்கதும் நீதானா?"

"என்னை நம்ப வேண்டாம் பெரியப்பா. வீட்டுக்குள்ள போயி ஒங்க பெட்டிகிட்ட கேளுங்க. எங்க இருந்தா கதிர் கம்மின்னு மட்டும் கேளுங்க."

"ஓட்டுநரே, சுத்திக்கிட்டுப் போவும்," என்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள். டெல்பின் அசையவில்லை. பெரியப்பா காறித் துப்பினார். அவளைப் பொய்யாக்கிக் காட்டுகிற வேகத்தில் விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனார். அவர் குரல் கேட்டது. பிறகு பெட்டியின் குரல், அதே மரியாதையோடு, தெரு முழுக்கக் கேட்கும்படி.

அவர் தெருவுக்கு இறங்கி வரவில்லை. வாசலில் நின்றபடி, "இறங்குங்கல," என்றார். அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

கதவுகள் மூடும் சத்தம் தெரு நெடுகக் கேட்டது. டெல்பின் உடுத்தியிருந்ததை வாசலில் அவிழ்த்துப் போட்டாள், முடியைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள், ஏஞ்சலுக்கு மாத்திரை கொடுத்தாள். வெளியே கொடியில் கிடந்து கதிர் பட்ட சேலை இனி ஆகாது. அலமாரியில் மடித்து வைத்திருந்த கல்யாணச் சேலையை எடுத்து நனைத்தாள்.

"டெல்பின், உங்கள் இருக்கை இன்னும் காலியாக இருக்கிறது," என்றது பெட்டி. "முதல் பேருந்து வெளியூர் வண்டிகளின் நெரிசலில் பாலத்தில் நிற்கிறது. நீங்கள் உங்கள் உரிமையைப் பயன்படுத்தவில்லை என்று மேட்டுக் குடியிருப்பினருக்குத் தெரிவிக்கட்டுமா?"

"சொல்லு," என்றாள் டெல்பின், கதவிடுக்கில் சேலையைத் திணித்துக்கொண்டே. "பாலத்துல நிக்கிற பிள்ளைங்க பேரையும் சேத்துச் சொல்லு. ஒவ்வொரு பேரா."