மூன்றாவது வாரமும் நானூறு

மூன்றாவது வாரமும் அதே எண்கள். வெள்ளணுக்கள் நானூறு, பிளேட்லெட் ஒன்பதாயிரம், ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒன்று. ஸ்பிரிட் வாடையும், குளிர்பெட்டியின் முனகலும், ரத்தத்தை உறிஞ்சும் மெஷின் ஊசியின் 'சர்க்' ஒலியும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு எட்டு வருடப் பழக்கம். ஒரே ஆளின் ரத்தம் இருமுறை ஒரே எண்களைக் காட்டி அவன் பார்த்ததே இல்லை. உயிருள்ள ரத்தம் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்காது.

இது அவன் மனைவியின் ரத்தம்.

"போன வார ரிப்போர்ட்டையே திருப்பி அடிச்சிட்டியா?" என்றார் கூடத்தின் மூத்த டெக்னீஷியன்.

"இல்லக்கா. மூணு தடவ ஓட்டிட்டேன்."

"அப்ப மெஷினுக்குத்தான் கிறுக்கு. ஒம்பதாயிரம்னா பல்லு விளக்கினாலே ரத்தம் கொட்டும். உன் பொண்டாட்டி நேத்து மாடிப்படியில என்னை முந்திக்கிட்டு ஓடறா! நீயே புதுசா ரத்தம் எடுத்துப் பாரு."

டாக்டருக்கு எந்த ரிப்போர்ட்டையும் அவன் அனுப்பவில்லை. அனுப்பினால் அவளை மறுபடி வார்டில் போடுவார்கள்.

பழைய பதிவைத் திறந்தான். கடைசிக் கீமோவுக்குப் பின் அவள் இதயம் நான்கு நிமிடம் நின்ற காலை. அன்று எடுத்த ரத்தம். நானூறு. ஒன்பதாயிரம். ஆறு புள்ளி ஒன்று.

பிழைத்துவிட்டாள் என்று டாக்டர்கள் கைகுலுக்கினார்கள். இவனும் குலுக்கினான். வேறென்ன செய்வது?

சாயங்காலம் ஊசியோடு வீட்டுக்குப் போனான். விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மருந்து வாடை இல்லை. சோப்பு வாடை இல்லை. வியர்வைகூட இல்லை.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"கையக் குடு. இன்னொரு தடவ எடுக்கணும்."

"ரத்தக் காட்டேரியக் கட்டிக்கிட்டேன். எடு."

குழாய் நிறைந்தது. ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினான். ஐந்து நிமிடம். எடுத்தான்.

பஞ்சு வெள்ளை.

தோலில் துளை. திறந்தபடி. காய்ந்து.

பக்கத்தில் மூன்று வட்டப் பிளாஸ்திரிகள். வாரா வாரம் வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒட்டியவை. ஒன்றை உரித்தான். துளை. அடுத்தது. துளை. மூன்றாவதும். எதுவும் மூடவில்லை.

"நார்மல்தானே?" என்றாள். "சொல்லேன்."

உரித்த பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டப் பார்த்தான்.

"இதையும் பாத்துக்கோ."

கழுத்தடியில் கீமோ மருந்து ஏற்றிய குழாயை எடுத்த இடத்துக் கட்டுத்துணியை அவளே பிரித்தாள். மெதுவாக. சிரித்தபடி.

விரல் நுழையும் அளவு துளை. உள்ளே இருட்டு.