சிவப்பு ஈயம்

கவிழ்த்து வைத்திருந்த படகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தோணிசாமி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திண்டிவனத்துக்கு மேற்கே, சக்கரபாணி ரெட்டியாரின் நெல்மில்லுக்குப் பின்னால் இருந்தது அந்த ஓட்டுக் கொட்டகை. பங்குனி வெயில் ஓட்டை வறுத்துக்கொண்டிருந்தது, பொங்கலுக்குப் பிறகு ஒரு பொட்டு மழை கிடையாது. மில் ஓய்ந்த மத்தியான நேரம், தவிட்டு வாசனையும் சுடு எண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் அடைத்தது. பனங்கட்டை முட்டுகளின் மேல் இடுப்பு உயரத்தில், அடிப்பக்கம் மேலாகக் கிடந்த படகுக்குக் கீழே, காலணா அகலத்துக்குப் புழுதி நனைந்திருந்தது. குனிந்து பார்த்தான். உள்ளே இருட்டு. ஏரிச் சேற்று வாடை. இரண்டரை வருஷம் காய்ந்து கிடந்த படகுக்கு அந்த வாடை எங்கிருந்து வரும்? தகடு வேர்த்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெயிண்ட் சுரண்டுகிற பட்டித் தகட்டைக் கையில் எடுத்தான்.

அந்தோணிசாமி பெயிண்டர். மாட்டுவண்டிச் சக்கரம், இரும்பு கேட்டு, மாதா கோயில் சுரூபம் என்று எது வந்தாலும் பூசுவான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடமிருந்து ரெட்டியார் இந்த அலுமினியப் படகை வாங்கியபோது, அதற்கு முதல் பெயிண்ட் அடித்தவனும் அவன்தான். நாற்பத்து மூன்றாம் வருஷம், வைகாசி மாதம். முதல் கோட்டு சிவப்பு ஈயப் பெயிண்ட், அதற்கு மேலே பச்சை. சிவப்பு காயாமல் இருந்தபோது அவன் மகள் ஜெயம், ஆறு வயது, படகின் அடியில் தன் உள்ளங்கையை அழுத்தமாக வைத்துவிட்டாள். அவள் முதுகில் ஒன்று வைத்தான். அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து நின்றாள்.

"என் கை அங்கயே இருக்குமாப்பா?"

"இருக்கும், போ."

தண்ணீருக்கு அடியில் போகிற இடத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதைத் தேய்க்காமலே மறுநாள் மேலே பச்சையைப் பூசினான்.

அந்த ஐப்பசியில் ஏரி உடைத்துக்கொள்ளும்போல் நிரம்பியது. தாழ்வில் இருந்த இவர்கள் தெருவுக்குள் தண்ணீர் நுழைந்துவிட்டது. ரெட்டியார் படகைக் கொடுத்தார், நாலைந்து பேராக ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயம் ஏறமாட்டேன் என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா பெயிண்ட் அடிச்ச படகு கண்ணு, ஒண்ணும் ஆவாது" என்று விரல்களைப் பிரித்து எடுத்து அவன்தான் உட்கார வைத்தான். நடு ஏரியில் படகு மூழ்கியது. அதில் இருந்த ஐந்து பேரும் போனார்கள். அலை கவிழ்த்துவிட்டது என்றது ஊர். நான்கு உடல் கிடைத்தது. ஜெயம் கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் படகைச் சேறோடு இழுத்துவந்து மில் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அவன் மனைவி சவுரியம்மாள் ஏரிக்கரையில் ஒன்றை ஏற்றிவைத்து, காற்று அணைக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

இப்போது ரெட்டியாருக்குப் புது ஆசை. "சித்ரா பௌர்ணமிக்கு சாமி தெப்பத்துல வரும்போது, பின்னாடியே புள்ளைங்க படகுல சுத்தி வரட்டும் அந்தோணி. பழசைச் சுரண்டிட்டு வெள்ளையா அடிச்சிக் குடு."

"சரிங்க" என்றான். யார் கேட்டிருந்தாலும், எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும் அந்தப் படகைத் தொட்டிருக்கமாட்டான். ஆனால் பச்சையைச் சுரண்டினால் அடியில் ஜெயத்தின் கை இருக்கிறது. அது ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம்.

அன்று ராத்திரி வீட்டில் சொன்னபோது சவுரியம்மாள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா கை கெடச்சா சொல்லுங்க. வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அந்தப் படகு மூஞ்சில முழிக்கமாட்டேன்."

கையால் சுரண்டினால் நாளாகும், வண்டிக்குப் போடுகிற மாதிரி சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துப் போட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று நினைத்தான். அதையும் வெள்ளையையும் வாங்க ரயிலேறி விழுப்புரம் போனான். பெயிண்ட் கடை வைத்திருந்த அமீர் பாட்சா சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் ஏரோப்ளேனுக்குப் பெயிண்ட் அடித்தவர்.

"அலுமினியத்துக்கா? சோடா பட்டா பால் மாதிரி பொங்கித் தகடே கரைஞ்சிடும். பேஜாராப் பூடும். கையாலயே சுரண்டு. அடியில இன்னா அடிச்சிருக்குது?"

"சிவப்பு ஈயம் பாய். துருப் புடிக்காம இருக்க அதான அடிப்போம்."

பாட்சாவின் கை தராசிலேயே நின்றது. "அது இரும்புக்கு அந்தோணி. அலுமினியத்துல ஈயம் படக்கூடாதுன்னு பட்டாளத்துல தலைல தலைல அடிச்சு சொல்லுவானுங்க. கூட தண்ணியும் சேந்துதுன்னா அரிச்சிக்கினே இருக்கும். மேல பெயிண்டு பளபளன்னு நிக்கும், கீழ தகடு இருக்காது. எவ்ளோ நாள் தண்ணில கெடந்துது?"

"ஆனியிலேருந்து ஐப்பசி வரைக்கும்."

பாட்சாவுக்கு அந்தப் படகின் கதை தெரியும். வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். அலை இல்லை. காற்று இல்லை. சாமி சோதனையும் இல்லை. இந்தக் கைதான். திண்டிவனம் வருவதற்குள் பத்துத் தடவையாவது ரயிலிலிருந்து குதித்துவிடலாமா என்று நினைத்தான், ஆனால் ஜெயத்தின் கையைப் பார்க்காமல் சாக மனசு வரவில்லை.

இரண்டு நாள் சுரண்டினான். பச்சை சுருள் சுருளாக உரிந்தது, டர்பன்டைன் நெடியில் கண் எரிந்தது, தகட்டில் உலோகம் உரசும் கிறீச்சொலி பல்லில் கூசியது. அந்தக் கிறீச்சுக்கு நடுவே, அவன் நிறுத்தினால் தானும் நின்று, அவன் தொடங்கினால் தானும் தொடங்கும் இன்னொரு சுரண்டல், தகட்டுக்கு அந்தப் பக்கம் மெதுவாக நகத்தால் கீறுவதுபோல் கேட்டது. எலியாக இருக்கும் என்றான், வாய்விட்டு. சிவப்பைச் சுரண்டச் சுரண்ட அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைத் தூள் கொட்டியது. தூளைத் துடைத்தால் ஓட்டை. சுண்டுவிரல் நுழைகிற அளவு. ஒன்று, அப்புறம் தள்ளி ஒன்று. மொத்தம் ஐந்து இடம்.

ஐந்தாவதுதான் ஜெயத்தின் கை. சின்னச் சின்ன விரல்கள் ஐந்தும், ரேகை முதற்கொண்டு, சிவப்பில் அப்படியே இருந்தன. நட்ட நடு உள்ளங்கையில் ஓட்டை.

அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதான். மில் ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சவுரியம்மாளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கையைப் பார்ப்பாள். கையைப் பார்த்தால் ஓட்டையைப் பார்ப்பாள். எப்படி என்று கேட்பாள். ரெட்டியாரிடம் படகு ஆகாது என்று சொன்னாலும் அதே கேள்விதான். புருஷன்தான் பிள்ளையைக் கொன்றான் என்று தெரிந்த பிறகு அவள் அவன் முகத்தைப் பார்ப்பாளா? சாயங்காலம்வரை யோசித்தான். பிறகு பட்டி குழைத்து ஐந்து ஓட்டைகளையும் அடைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வெள்ளையைப் பூசினான். மகளின் கையை இரண்டாம் தடவையாக மூடினான். சித்ரா பௌர்ணமிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

வீட்டில் சவுரியம்மாள் கேட்டாள். "கெடச்சுதா?"

"இல்ல. அழிஞ்சிருக்கும்."

அவள் அவன் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சிவேளையில் இரண்டாவது கோட்டு அடிக்கப் போனான். மில் நின்றிருந்தது. வெயிலில் ஓடு படபடவென்று நெளியும் சத்தம்கூட இல்லை, ஒரு காக்காய் இல்லை, சொட்டு விழும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது, சேற்று வாடை இப்போது தொண்டைவரை இறங்கியது. படகுக்கு அடியில் புழுதி முழுக்க நனைந்து குழைந்திருந்தது. ராத்திரியெல்லாம் பலபேர் நின்று கால்மாற்றிக்கொண்ட மாதிரி மிதிபட்டிருந்தது.

வெள்ளை காய்ந்திருந்தது. ஐந்து இடத்தில் மட்டும் புடைத்திருந்தது.

பட்டி வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. கீழேயிருந்து. மெதுவாக.

முதல் புடைப்பைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கினான். அது திரும்ப அமுக்கியது.

கையை எடுத்தான். பின்னுக்கு நகர்ந்தான். ஓட வேண்டும்.

கடைசி இடத்தில் பட்டி உதிர்ந்தது. ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு விரல் நுனி. வெளுத்து ஊறிய நுனி. நகத்தில் சிவப்பு.

அப்போதுதான் புரிந்தது. அன்று மூழ்கியவர்கள் வெளியே வரப் பார்க்கவில்லை. அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தண்ணீர் பீறிட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கு ஒரு கை வைத்து, ஐந்து பேரும். இன்னும் எடுக்கவில்லை.

தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தான். சில்லென்றிருந்தது. நடுங்கியது. வலித்துப் போயிருந்த ஒரு சின்னக் கையின் நடுக்கம்.

"இன்னாங்க."

சவுரியம்மாள் வாசலில் நின்றாள். கையில் கேப்பைக் கூழ்ச் சட்டி. படகு வந்த நாளிலிருந்து அவள் இங்கே வந்ததில்லை.

"நேத்து பொய் சொன்னீங்க. உங்க கன்னத்துல சிவப்பு இருந்துது. எங்க அது?"

அவனால் கையை எடுக்க முடியவில்லை.

"சவுரி, அலை கவுக்கல. நான் பூசுன ஈயம் தகட்ட அரிச்சிடுச்சி. ஓட்டை. அஞ்சு ஓட்டை. எனக்கு அன்னைக்குத் தெரியாது. இப்போ தெரியும். தெரிஞ்சும் மூடுனேன். நான்தான். நம்ம பாப்பாவ நான்தான்."

அவள் சட்டியைத் தரையில் வைத்தாள். ஈரப் புழுதியைப் பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டுப் படகுக்கு அடியில் குனிந்தாள். அவனுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகு அசையாமல் இருந்தது.

பிறகு பேசினாள். விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல்.

"கை நோவும்டி கண்ணு. போதும், எடுத்துடு. அதான் அப்பா உண்மைய சொல்லிட்டாரில்ல."

அவன் உள்ளங்கைக்கு அடியில் இருந்த விரல் விலகியது.

தண்ணீர் வந்தது. கவிழ்ந்த படகின் முதுகிலிருந்து, அந்த வெயில் வேளையில், மேல்நோக்கி. அவன் விரலிடுக்கெல்லாம் ஏரித் தண்ணீர். வெள்ளைப் பெயிண்டின் மேல் சிவப்பாக வழிந்தது. மற்ற நான்கு இடத்திலும் பட்டி இன்னும் உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தது.

சவுரியம்மாள் பின்னால் நகர்ந்து மெல்ல எழுந்தாள். படகிலிருந்து பிள்ளையை இறக்குவதுபோல் இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள். கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவள் இடுப்பு ஒரு பக்கம் பாரத்தில் சாய்ந்தது. சேலை நெஞ்சோடு நனைந்து ஒட்டியது.

அவள் தோளில், வெள்ளை ரவிக்கையில், ஈரச் சிவப்பில் சின்ன விரல்கள் ஐந்து பதிந்தன. பதிந்த இடத்தில் துணி சுருங்கியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டது.