கூடுதலாக ஒரு சொல்

தன் குரல் மற்ற லாரிகளுக்குக் கேட்கிறதா என்று பார்க்க, "ரேடியோ செக்" என்றான் வெர்லின். ஸ்பீக்கர் அவன் குரலிலேயே, "ரேடியோ செக், வெர்லின்" என்றது.

கடைசிச் சொல்லை அவன் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். லாரிக்காரர்களின் சிபி ரேடியோவில் சொந்தப் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. பத்தொன்பதாம் சானலில் அவன் பட்டப்பெயர் இடிமன்னன்.

பனிப்புயலால் ராலின்ஸ் ஊரில் நெடுஞ்சாலைக் கேட்டை மூடி ஆறு மணி நேரமாகியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கும் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவுமில்லை. அந்த வெள்ளைக்குள் நூறு லாரிகள் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்க, கேபினுக்குள் டீசல் வாடையும், தின்று மிச்சம் வைத்த பீன்ஸ் பர்ரிட்டோவின் வாடையும், எல்லாவற்றுக்கும் மேலே புதிதாய்ப் பற்றவைத்த ஈயத்தின் வாடையும் கனத்துக் கிடந்தன.

காலையில்தான், லாரி நிறுத்தத்தின் மூலையில் கேரவனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒடெஸ்ஸா அவன் ரேடியோவைத் திறந்து, குரலை அடக்கிவைக்கும் சின்ன பாகம் ஒன்றை வெட்டி எறிந்து, ஒரு பூஸ்டரையும் பற்றவைத்தாள். நாலு வாட் சக்தி முன்னூறு ஆயிற்று. கூடவே டாக்பேக், அதாவது பேசுகிறவன் தன் குரலைத் தானே ஸ்பீக்கரில் கேட்டு மகிழும் வசதி. வயோமிங்கிலேயே அந்த வசதி தேவைப்படாத ஒரே ஆள் வெர்லின்.

"பதினோரு வருசமா நான் பேசினா எவன் காதுலயும் விழல. இனிமே டென்வர் வரைக்கும் கேக்கணும்" என்றிருந்தான் அவளிடம்.

"கேக்கும். யாருக்குக் கேக்கும்னு மட்டும் நான் கேரண்டி தர முடியாது" என்றாள் ஒடெஸ்ஸா. "பயமா இருந்தா இந்த சுவிட்சைக் கீழ தள்ளு. பழைய நாலு வாட்டு."

"அது துருப்பிடிச்சுத்தான் போகும்."

இப்போது மைக்கை மறுபடி அழுத்தினான். "யாருய்யா அது, என் பேரைச் சொல்றது?"

மூன்று லாரி தள்ளி நிற்கும் 'ஊறுகாய் ஜாடி' என்ற பெண் சிரித்தாள். "யோவ் இடிமன்னா, நீதான்யா சொல்ற. உன் பேரு, ஊரு, பொண்டாட்டி பேரு. அரைமணியா வாயே மூடல. ஆனா குரலு பிரமாதம்."

அவன் அழுத்தியது இரண்டே தடவை.

மைக்கைக் கொக்கியில் மாட்டினான். பேச்சு வெளியே போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை. மீட்டர் முள் துள்ளிக்கொண்டேயிருந்தது. ஸ்பீக்கரில் அவன் குரல் ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, நிறுத்தி, மூச்சு வாங்கியது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

இருமினான். பாதி இருமல்தான் வெளியே வந்தது. மீதி ஸ்பீக்கரில் வந்தது.

"இடிமன்னா, சுவிட்சைத் தள்ளு" என்று ரேடியோவில் ஒடெஸ்ஸாவின் குரல் குறுக்கிட்டது. "உன் சத்தத்துல என் கடை பல்பு மினுக்குது. விளையாடாத."

விரல் சுவிட்சின் மேல் நின்றது. தள்ளினால் போதும். தள்ளினால் மறுபடி நாலு வாட். மறுபடி யார் காதிலும் விழாத பதினோரு வருடம்.

தள்ள மாட்டேன் என்றான்.

தொண்டையில் வெறும் காற்று. ஸ்பீக்கர் முழங்கியது: "தள்ள மாட்டேன்."

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. அது அவன் குரல். மைக் வயரைப் பிடுங்கினான். பேசியது. பவர் வயரைக் கடித்து அறுத்தான். பேசியது. ஹாரன் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். வெளியே அது ஒலிக்கவில்லை. ஹாரன் ஸ்பீக்கருக்குள் அலறியது.

கதவை உதைத்துத் திறந்தான். படிக்கட்டில் நின்றான். முஷ்டியை உயர்த்தினான். நூறு லாரிகளைப் பார்த்து வாயை முழுசாகத் திறந்தான். கழுத்து நரம்புகள் புடைத்தன.

வாய்க்குள் பனி விழுந்து நிறைந்தது. மூடவில்லை.

பின்னால், வயர் அறுந்த ரேடியோ, "ரேடியோ செக்" என்றது.

ஒவ்வொரு லாரியாகப் பதில் வந்தது.

"நல்லா கேக்குதுய்யா."

"நல்லா கேக்குது."

"நல்லா கேக்குது, வெர்லின்."