அண்ணி கொண்டுபோன சேதி

“மாடியில இருக்கானே கருங்காலி... அவன்கிட்ட சொல்லு, குழாயை இறுக்கி மூடட்டும். தண்ணி சொட்டுது!”

நாளிதழுக்குப் பின்னாலிருந்து கணவர் உறுமினார். கருங்காலி என்று அவர் சொன்னது கூடப்பிறந்த தம்பியைத்தான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி படியேறினாள்.

“தம்பி, சாப்பிட்டியான்னு அண்ணன் கேட்டார்ப்பா. அப்படியே அந்தக் குழாயையும் மூடிடு.”

“ஊருக்கே தண்ணியை மூடினவர், வீட்டுக் குழாயையும் அவரே வந்து மூடட்டும், அண்ணி!”

அவள் கீழே இறங்கினாள். “சரிங்கண்ணான்னு சொன்னான்” என்றாள். குழாயை அவளே மூடிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வேலைநிறுத்தம் முடிந்த நாளிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. அண்ணன், தம்பி இருவருக்கும் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில்தான் வேலை. மூடியில்லாத மோட்டார் பெல்ட்டில் ஒரு தொழிலாளியின் கை போயிற்று. மூடி போடும்வரை மோட்டாரைத் தொடமாட்டோம் என்று எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அண்ணன். ஆஸ்பத்திரித் தொட்டி வறண்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும், சுவரேறிக் குதித்து மோட்டாரை ஓட்டியவன் தம்பி. தண்ணீர் ஓடியது, போராட்டம் படுத்துவிட்டது. பெல்ட்டுக்கு இன்னும் மூடி வரவில்லை.

அவர் பேசினால் அவர் நியாயம் சரியாக இருந்தது. இவன் பேசினால் இவன் நியாயமும் சரியாகத்தான் இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவள் இதையே நினைத்துப் பார்ப்பாள். தப்புச் செய்தான் என்பதைக்கூட இருவரும் மன்னித்துவிடுவார்கள். ‘கூடப்பிறந்தவனே என்னைக் கெட்டவன்னு நினைச்சுட்டானே’ என்பதுதான் இருவர் தொண்டையிலும் முள்ளாக நின்றது. அந்த முள்ளுக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பொய்!

அந்தப் பொய்தான் ஒருநாள் காலை அவளைக் காட்டிக்கொடுத்தது. தேநீரோடு அவள் சமையலறையிலிருந்து வந்தபோது, தம்பி கூடத்தில் நின்றிருந்தான். கண் கலங்கியிருந்தது.

“அண்ணா... தினமும் சாப்பிட்டியான்னு கேட்டு அனுப்புறீங்க. எனக்குத்தான் இறங்கி வர மனசு வரலை...”

நாளிதழ் கீழே இறங்கியது. “யாரு கேட்டது? நானா? கருங்காலின்னுதான்டா தினமும் சொல்லி அனுப்பினேன்!”

“அப்போ... நான் ‘ஊர் செத்தாலும் கொடி பிடிப்பீங்களா’ன்னு கேட்டு அனுப்பினது?”

“என்கிட்ட ‘சரிங்கண்ணா’ன்னுதான் வந்துச்சு!”

இருவரும் ஒரேசமயம் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒற்றுமையைப் பார்க்கத்தான் அவள் இத்தனை நாள் ஏங்கினாள். ஆனால் இப்படி அல்ல.

“நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கியிருக்கா!” என்றார் கணவர்.

“நீங்களுமா அண்ணி? நான் உங்களை மட்டும்தான் நம்பினேன்... போதும். இன்னைக்கே வேற வீடு பார்த்துக்கிட்டுப் போறேன்.”

தேநீர்க் கோப்பையை அவள் மேசையில் வைத்தாள். தாயில்லாத ஏழு வயதுப் பிள்ளையாக அவனை அவள் மடியில் போட்டார்கள். அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான், கைக்கு வந்த நர்ஸ் படிப்பை விட்டாள். அதை ஒருநாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. இன்றும் சொல்லவில்லை.

“நீ எதுக்குடா போகணும்? ஏமாத்தினவ நான்தானே... நானே போறேன்.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆமா, பொய்தான் சொன்னேன். நீங்க சொன்னதையெல்லாம் சொன்னபடி கொண்டுபோயிருந்தா, இந்த வீடு என்னைக்கோ ரெண்டாயிருக்கும்! யார் பக்கம் நியாயம்னு எனக்குத் தெரியலைங்க... நிஜமா தெரியலை. கை போன அந்த மனுஷனுக்காகத்தான் நீங்க கேட்ல உட்கார்ந்தீங்க. அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் இவன் தண்ணி விட்டான். இதுல யாரை நான் கெட்டவன்னு சொல்ல?”

இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒத்துப்போங்கன்னு நான் கேட்கலை. சண்டை போடுங்க! ஆனா மூஞ்சியைப் பார்த்துப் போடுங்க. என்னால இனிமே படியேற முடியாது.”

துணிப்பையில் இரண்டு புடவைகளைத் திணித்தாள். செருப்பை மாட்டினாள். தங்கை வீட்டுக்குப் போகும் பேருந்து தெருமுனையில்தான் நிற்கும். கேட்டின் கொக்கியில் கை வைத்தபோது பின்னால் காலடிச் சத்தம். இருவரும் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து நின்றார்கள்.

“அண்ணி... போகாதீங்க அண்ணி! அண்ணன்கிட்ட சொல்லுங்க, நான்...”

அவள் திரும்பவில்லை. “பக்கத்துலதானே நிக்கிறார். நீயே சொல்லு.”

தம்பியின் குரல் வந்தது. “அண்ணா... நான் செஞ்சது சரின்னுதான் இப்பவும் சொல்வேன்.”

“தப்புன்னுதான்டா நானும் சொல்வேன். சாகுறவரைக்கும் சொல்வேன்.”

“ஆனா... பெல்ட்டுக்கு மூடி கேட்டு நீங்க மறுபடி உட்கார்ந்தா, நானும் வந்து உட்காருவேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் தண்ணி போகணும்.”

அவர் தொண்டையைச் செருமினார், தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு, வராத வார்த்தையை வம்படியாக இழுத்து வந்தவர்போலக் கேட்டார்:

“சாப்பிட்டியாடா?”

தம்பியின் வாய் கோணியது. “இல்லண்ணா...” என்றவன் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

கொக்கியிலிருந்து அவள் கை நழுவியது; திரும்பினாள். இத்தனை நாள் அவள் சுமந்து ஏறிய பொய் அவளுடைய கண் முன்னால் நிஜமாகி நின்றது. அதற்கு மேல் அவளாலும் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் வந்து அவள் தோளிலிருந்த துணிப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.