நீல நுனி

காலை 9.40. இறக்காமத்து வயலில் அறுவடை இயந்திரத்தின் சுழல்தண்டான சாப்ட் முறிந்து சாரதி சுஜிந்தனின் வலது கால் நசுங்கியது. 11.15. அந்தச் சாப்டைக் கடைந்த றாஸிக்கின் கல்முனைப் பட்டறையில் பொலிஸ் நின்றது.

இன்ஸ்பெக்டர் பவிதரனுக்கு இரும்பு விளங்காது. தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகம் படிப்பிக்கும் ஹுஸ்னியாவைக் கையோடு கூட்டி வந்திருந்தார். நல்ல காலம், இல்லாவிட்டால் றாஸிக் அப்போதே ஜீப்பில் ஏறியிருப்பான். அவனோ லேத்தைத் தொடுவதும் வாசலுக்குப் போவதும் திரும்பி வருவதுமாகத் தவித்தான்.

“மெசின்காரர் கேட்டது ஈ.என். 19 உருக்கு. உங்கட வேலைச் சீட்டுல எஸ்.சி.எம். 440,” என்றார் பவிதரன்.

“ரெண்டும் ஒண்டுதான் சேர். கட்டார்ல வேல செய்யக்குள்ள யப்பான் நம்பர்லதான் பழகினன்.”

“எப்பிடி ஒண்டாகும்?” குறுக்கே விழுந்தார் இரும்புக்கடைக் கலந்தர். கூப்பிடாமலே சாட்சி சொல்ல வந்தவர். “ஈ.என். 19க்கு அடையாளமா நுனியில நீலம் பூசின துண்டத்தான் நான் குடுத்தன். இவர் வேற இரும்பப் போட்டிரிக்கார்.”

ஹுஸ்னியா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பிரிட்டிஷ்காரன் ஈ.என். 19 எண்டுவான், யப்பான்காரன் எஸ்.சி.எம். 440, அமெரிக்காக்காரன் 4140. கலவை கிட்டத்தட்ட ஒண்டுதான். இருபது வருச யாவாரத்துல இது தெரியாதா கலந்தர் காக்கா?”

கலந்தர் தொப்பியைச் சரிசெய்தார்.

பொலிஸ் கொண்டுவந்திருந்த முறிந்த சாப்டை அவள் சுழலும் அரைகல்லில் பிடித்தாள். ஈ.என். 19 என்றால் பொறி கிளைத்து வெடிக்க வேண்டும். இதில் நீளக் கோடுகளே ஓடின. வெறும் இரும்பு. றாஸிக் லேத்துக்கடியிலிருந்து தான் வெட்டிப்போட்ட மிச்சத்தை எடுத்து நீட்டினான். நுனியில் நீலம், கல்லில் அதே கோடுகள்.

12.05. கலந்தரின் கடை. றாஸிக்கும் கூடவே வந்திருந்தான்.

“இந்தக் கம்பியிலிரிந்துதான் அறுத்தன்,” என்று காட்டினார். அதன் நுனியிலும் நீலம்.

“எத்தின கம்பி வந்த?” ஹுஸ்னியா கேட்டாள்.

“ஒண்டுதான்.”

“கம்பனி நீலம் பூசுறது ஒரு நுனியில மட்டும். நிறம் கடைசிவரைக்கும் நிக்கோணும் எண்டுதான் எல்லாக் கடையிலயும் மற்ற நுனியால அறுக்கிற. அப்ப நீங்க குடுத்த துண்டுல நீலம் எப்பிடி வந்த?”

ஹுஸ்னியா றாஸிக் தந்த மிச்சத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“இந்த மிச்சத்துல வாள் பல்லுட தடத்துக்கு மேல நீலம் கிடக்கு. அறுத்த பிறகு பூசினது. நீலத்தோட குடுத்ததெண்டு சொன்னதும் நீங்கதான்.”

“கம்பிய ஒரு மீன்பிடி போட்டுக்காரருக்குக் குடுக்கிறதாச் சொல்லி வெச்சிருந்தன்,” என்றார் கலந்தர் மெதுவாக. “இவர் அறுவடை அவசரமெண்டு நிண்டார். வெறும் இரும்புக்கு நீலம் பூசிக் குடுத்தன், தாங்கும் எண்டு நினைச்சன்.”

பவிதரன் அவரை ஜீப்பில் ஏற்றினார். “நீங்க போகலாம், றாஸிக்.”

றாஸிக் அசையவில்லை.

“மிஸ், நானும் கல்லுல பிடிச்சிப் பாத்திருந்தா எவ்வளவு நேரம் போயிரிக்கும்?”

ஹுஸ்னியாவுக்குப் பொய் சொல்ல மனமில்லை. “அரை நிமிசம்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“சேர், சுஜிந்தன் ஆஸ்பத்திரியில எந்த வாட்டுல இரிக்கார்?”